ஊருணிக் கரையில் ஒரு பெயர்ப்பலகை: நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கு அறவியல் எதற்கு?

மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் ஊருணிக் கரையில் நிற்கும் பெயர்ப்பலகையிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். மதுரை, சிவகங்கை வட்டாரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம்: கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு, ஊருணித் தண்ணீர் குடிப்பதற்கு. ஆகவே ஊருணியில் மாடு குளிப்பாட்டுவதில்லை, துணி துவைப்பதில்லை. சில ஊர்களில் படியிறங்கும் முன் செருப்பைக்கூடக் கரையிலேயே கழற்றி விடுவார்கள். நான் பார்த்த ஊருணி பல ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அண்மையில் அதைத் தூர்வாரி, நான்கு பக்கமும் கல் பதித்து, படித்துறையும் கட்டியிருக்கிறார்கள். செலவை ஏற்றது அந்தப் பகுதியில் கல்குவாரியும் கிரஷரும் நடத்தும் ஒரு நிறுவனம். ஆள் உயரத்துக்கு நின்ற எவர்சில்வர் பலகையில் நிறுவனத்தின் பெயரும், ‘சமூகப் பொறுப்புத் திட்டத்தின் கீழ்’ என்ற வரியும், திறந்து வைத்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. படியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். “தண்ணி நல்லாத்தேன் இருக்கு தம்பி. மேல பாருங்க, தூசி எப்படிப் படிஞ்சு கெடக்குன்னு” என்றார். நீரின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. அதே நிறுவனத்தின் டிப்பர் லாரிகள் மூடாமல் ஏற்றிச் செல்லும் பாரத்திலிருந்து பறந்து வந்த கல்தூள் அது.

அந்த நிறுவனம் ஊருக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா? இரண்டும் செய்தது என்பதே நேர்மையான விடை. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட முடியாது. செய்த நன்மை செய்த தீமைக்கு ஈடாகுமா, ஊருணியைத் தூர்வாரியதை ஊர் தானமாகக் கருத வேண்டுமா அல்லது வரவேண்டிய பாக்கி வந்ததாகக் கருத வேண்டுமா, இதையெல்லாம் எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. இவற்றுக்குச் சட்டப் புத்தகத்திலோ கணக்குப் புத்தகத்திலோ முழு விடை கிடைக்காது. இவை அறவியலின் கேள்விகள். பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு, அதாவது பேச்சு வழக்கில் சி.எஸ்.ஆர்., என்ற ஏற்பாட்டை இந்தக் கேள்விகளின் மேல் நிறுத்திப் பார்ப்பது எப்படி என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக விளக்க முயல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், நடப்பு ஆண்டுக்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டு லாபம் 6, 8, 10 கோடி என்று வைத்துக்கொண்டால் சராசரி 8 கோடி. செலவிட வேண்டியது 16 லட்சம். எந்தெந்தப் பணிகள் கணக்கில் சேரும் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது: கல்வி, மருத்துவம், குடிநீர், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்பு முதலியன. நிறுவனம் இயங்கும் உள்ளூருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் தன் அறிக்கையில் காரணத்தைச் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், செலவிடாத தொகையைக் குறித்த காலத்துக்குள் தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்ற வேண்டும், தவறினால் அபராதம் என்று இறுக்கிவிட்டன.

இதே விதிகளில் புதியவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு வரி உண்டு. நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்பவையும், தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் நன்மை தருபவையும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேரா. கணக்கு நோக்கில் இது சரியான விதி. இல்லையென்றால் ஊழியர் உணவகத்துக்கு விசிறி மாட்டியதையும் சமூகப் பணி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இந்த விதியின் நிழலில் ஒரு தவறான எண்ணம் வளர்ந்திருக்கிறது. சமூகப் பொறுப்பு என்றாலே லாபம் ஈட்டி முடித்த பிறகு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது, லாபம் எப்படி ஈட்டப்பட்டது என்பது வேறு துறையின் விவகாரம் என்ற எண்ணம் அது. அறவியல் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. இரண்டு ரூபாய் எங்கே போனது என்று கேட்பதற்கு முன், நூறு ரூபாயும் எங்கிருந்து எப்படி வந்தது என்று அது கேட்கும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்.

அறவியல் என்பது ‘நல்லவனாக இரு’ என்று சொல்லும் உபதேசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெய்யியலின் ஒரு கிளை. ஒரு செயலை நல்லது, கெட்டது என்று நாம் சொல்லும்போது எந்தக் காரணத்தால் சொல்கிறோம், அந்தக் காரணம் தாங்குமா என்று ஆராய்வது அதன் வேலை. காரணங்களில் வெவ்வேறு வகைகள் உண்டு. ஒருவர் விளைவைக் காட்டுவார், ஒருவர் கடமையைக் காட்டுவார், ஒருவர் செய்தவரின் பண்பைக் காட்டுவார். ஊருணிக் கரையில் ஊர்க்காரர்கள் நால்வரை விவாதிக்க விட்டால் இந்த மூன்று வகையும் தாமாகவே வெளிவரும்.

விளைவைக் காட்டும் வழியை ஒரு முறைமையாக வகுத்தவர் இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம். அவருடைய அறநெறி நூல் 1789-இல் வெளிவந்தது. அவருக்குப் பின் ஜான் ஸ்டூவர்ட் மில் அதைச் செம்மைப்படுத்தினார். ஒரு செயலால் பாதிக்கப்படும் எல்லோருடைய இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்து, மொத்த நன்மை மிகுமானால் அது சரியான செயல் என்பது இதன் சாரம். நிறுவனங்களுக்கு இந்த வழி எளிதில் பிடிக்கும், ஏனெனில் அது கணக்கின் மொழியில் பேசுகிறது. அதற்கு உண்மையான பலமும் உண்டு: நல்லெண்ணத்தோடு நின்றுவிடாமல், கொடுத்த ரூபாய் யாருடைய துன்பத்தை எவ்வளவு குறைத்தது என்று கேட்க வைக்கிறது. பத்துப் பள்ளிகளில் வர்ணம் அடிப்பதும், ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இல்லாத கழிப்பறையைக் கட்டுவதும் ஒரே செலவானால், விளைவுவழி அறம் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்.

மதுரையில் இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாய், செலுத்த இயலாதோரின் சிகிச்சையையும் தாங்கும்படி அதன் அமைப்பு உருவானது. கண்புரை அறுவைக்குப் பின் பொருத்தும் செயற்கை வில்லைகள் வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற வில்லைத் தயாரிப்புக்கூடம் தொடங்கப்பட்டு அவை பல மடங்கு குறைந்த விலையில் கிடைக்கத் தொடங்கின. தேனி மாவட்டத்திலோ ராமநாதபுரத்திலோ பார்வை மங்கி வீட்டுத் திண்ணையோடு முடங்கிய ஒரு பாட்டி, முகாமுக்கு வந்த பேருந்தில் ஏறி, சில நாட்களில் பேரனின் முகத்தைப் பார்க்கத் திரும்புவது எந்தக் கூட்டல் கணக்கிலும் பெரிய எண். இதில் நான் இன்னொன்றையும் கவனிக்கிறேன்: இங்கே சேவை, தொழிலின் ஓரத்தில் ஒட்டிய 2 சதவீதமாக இல்லை. தொழில் நடக்கும் முறையே சேவையாக இருக்கிறது.

கூட்டல் கணக்கின் பலவீனமும் மதுரைக்கு அருகிலேயே தெரிந்தது. மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், குடைவரைக் கோயில், சமணர் படுக்கைகள், தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு என்று ஈராயிரம் ஆண்டு வாழ்க்கை அங்கே ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏல முடிவு வெளியானது. கிராமங்கள் எதிர்த்தன. டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நகருக்குள் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அரசியலை ஒதுக்கிவிட்டு அறவியல் மாணவராக இதைப் பாருங்கள். டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவையான கனிமம். சுரங்கத்தால் வேலை, வரி, தொழில் வளர்ச்சி எல்லாம் வரும். நன்மை கோடிக்கணக்கான மக்களுக்குச் சிறு சிறு பங்காகச் சேரும். இழப்போ சில ஊர்களுக்கு மொத்தமாக வரும். கூட்டல் கணக்கு மட்டுமே அளவுகோலானால், போதுமான அளவுக்குப் பெரிய நன்மை வருமானால் அந்தச் சில ஊர்களைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வர நேரிடும். இழக்கப் போகிறவர்களை யாராவது கேட்டார்களா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் தனி நெடுவரிசை இல்லை. சுனையின் விலை என்ன என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. இங்கேதான் இரண்டாவது வழி தேவைப்படுகிறது.

கடமைவழி அறத்தின் பேராசான் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட். 1785-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். அவரை நான் மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்கு அழைத்து வருகிறேன். மதுரையில் பூ முழத்தில்தான் விற்கும். ‘ரெண்டு முழம் போடுங்கக்கா’ என்றால், பூக்கார அக்கா முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்து அளப்பார். அளக்கும்போது விரலைச் சற்றே மடக்கினால் நான்கு பூ மிச்சம். நாள் முழுதும் மடக்கினால் சில முழங்களே மிச்சமாகும். பெரியவர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். ஒரு சிறு பிள்ளை இருபது ரூபாயை நீட்டிக்கொண்டு வந்தால் அதற்கு எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் விரலை நிமிர்த்தியே அளக்கும் பூக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். ஏன் அப்படி அளக்கிறார்? பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் நாளைக்கு வியாபாரம் கெட்டுவிடும் என்ற கணக்கினாலா? அல்லது யாராக இருந்தாலும் முழம் முழமாகவே இருக்க வேண்டும் என்பதாலா? வெளியே இரண்டு செயலும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது கடமைக்கு ஒத்துப்போகிறது, ஆனால் கடமையிலிருந்து பிறக்கவில்லை என்பார் காண்ட். கணக்கு மாறினால், அதாவது வெளியூர்ப் பிள்ளை, இனி வரவே வராது என்று தெரிந்தால், முதலாவது பூக்காரரின் விரல் மடங்கிவிடும்.

நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் சொல்லும் காரணங்களைப் படித்தால் பெரும்பாலானவை முதலாவது பூக்காரரின் காரணங்களாக இருக்கும்: நற்பெயர் வளரும், திறமையான ஊழியர்கள் வருவார்கள், முதலீட்டாளர் நம்பிக்கை கூடும். இவை பொய்யல்ல. ஊருணியில் குடம் சாய்ப்பவருக்கு நிறுவனத்தின் மனக் காரணம் முக்கியமில்லை என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அந்த வாதம் போதவில்லை. காரணம் என்பது நாளைய நடத்தையின் விதை. விளம்பரத்துக்காகத் தூர்வாரிய ஊருணிக்கு அடுத்த ஆண்டு வரத்துக்காலைச் சீர்செய்ய யாரும் வருவதில்லை, ஏனெனில் வரத்துக்கால் புகைப்படத்தில் அழகாக விழாது. வரத்துக்கால் அடைபட்டால் ஊருணிக்கு நீர் வராது, பலகை மட்டும் பளபளக்கும்.

காண்ட் சொன்ன வேறொரு பாகுபாடு நிறுவனங்களின் பொறுப்பைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் என்பது என் கருத்து. கடமைகளில் சில தட்டவே முடியாதவை: பொய் சொல்லி ஏமாற்றாதே, மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்பன போன்றவை. இவற்றில் ‘முடிந்த அளவு’ என்ற பேச்சுக்கு இடமில்லை. வேறு சில, செய்தே ஆகவேண்டியவை என்றாலும் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதில் நமக்கு இடம் விடுபவை. பிறருக்கு உதவுவது அத்தகையது. இப்போது சட்டத்துக்குத் திரும்பி வாருங்கள். 135-ஆவது பிரிவு செய்திருப்பது என்ன? நெகிழ்வான கடமையை எடுத்து, அதற்கு 2 சதவீதம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. அது நல்ல காரியம்தான். ஆனால் தட்ட முடியாத கடமையில் விழுந்த பள்ளத்தை நெகிழ்வான கடமையின் பணத்தைக் கொண்டு நிரப்ப முடியாது. திண்டுக்கல் வட்டாரத்திலும் கொங்குப் பகுதியிலும் சில நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சில ஆண்டுகளுக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, கடைசியில் திருமணத்துக்கு ஆகும் என்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை பலமுறை கண்டிக்கப்பட்டது. மூன்று ஆண்டு முடியும் முன் உடல்நலம் கெட்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமற் போகலாம். அப்படி நடக்கும் ஓர் ஆலை, அதே பெண்ணின் ஊர்ப் பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கித் தந்தால், அதைக் கொடை என்று எப்படி அழைப்பது? அந்தப் பெண்ணிடம் பட்ட கடனை அடைக்காமல் அடுத்த வீட்டில் மொய் எழுதுவது போன்றது அது.

மனிதரைக் கருவியாக மட்டும் நடத்தாதே என்ற நெறியிலிருந்து நீதி பற்றிய சிந்தனைக்கு ஓரடிதான். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். சமூகத்தின் விதிகளை வகுக்க எல்லோரும் உட்காருகிறார்கள். ஆனால் அந்தச் சமூகத்தில் தாம் யாராக இருக்கப் போகிறோம் என்பது ஒருவருக்கும் தெரியாது. சுரங்க நிறுவனத்தின் பங்குகளை மும்பையில் வாங்கியவராக இருக்கலாம். அரிட்டாபட்டியில் ஆடு மேய்ப்பவராகவும் இருக்கலாம். அப்படி ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து எந்த விதியை ஏற்பீர்களோ அதுவே நியாயமான விதி என்றார். கூட்டல் கணக்கில் இல்லாத நெடுவரிசை இங்கே கிடைத்துவிடுகிறது.

நம் நீதிமன்றங்களும் இந்தத் திசையில் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்திருக்கின்றன. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நிலத்தடி நீரும் கெட்டது குறித்து வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் ஆலைகளும் அந்த வழக்கின் வட்டத்துக்குள் வந்தன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதோடு கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் மாசுபடுத்தியவரையே சேரும் என்றும் நீதிமன்றம் கூறியது. அறவியலின் மொழியில் இது ஈட்டு நீதி. நான் உங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் லாரி அனுப்பினால், நீங்கள் எனக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகள் பற்றி விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்ததும், அடுத்த ஆண்டு அவர் அளித்த அறிக்கை அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டதும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலூர்ப் பகுதியில் பாதி வெட்டிய குன்றுகளைக் கடந்து பேருந்தில் போகிறவர்கள் ஈட்டு நீதி என்ற சொல்லை அறியாவிட்டாலும் அதன் பொருளை அறிவார்கள்.

மூன்றாவது வழி பண்பு. அரிஸ்டாட்டில், ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதற்கு முன் ‘எத்தகையவராக இருக்க வேண்டும்’ என்று கேட்டார். நற்பண்பு பழக்கத்தால் வருவது, தினமும் நேர்மையாக அளந்து அளந்துதான் ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்றார். நம் மரபு இந்த வழிக்கு மிக நெருக்கமானது. புறநானூற்றின் 134-ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போடும் ‘அறவிலை வணிகன்’ அவன் அல்லன் என்கிறார். அறத்தை விலைக்கு விற்பவன் என்ற அந்தச் சொல்லைவிடக் கூர்மையான சொல் இந்தத் துறையில் எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பின் ஏன் கொடுத்தான்? சான்றோர் சென்ற நெறி அது என்பதால் கொடுத்தான் என்று பாடல் முடிகிறது.

திருக்குறளில் ஒரு நுட்பம் இருக்கிறது. வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்தார். வறியவருக்குக் கொடுப்பது ஈகை. உலகத்தோடு சேர்ந்து வாழ்பவன் அந்த உலகத்துக்குச் செய்ய வேண்டியதை அறிந்து செய்வது ஒப்புரவு. கைம்மாறு எதிர்பாராத மழையைப் போன்ற ‘கடப்பாடு’ என்று அதன் முதற் குறளே சொல்கிறது. ‘ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு’ என்ற குறள் வருவதும் ஈகையில் அன்று, ஒப்புரவில்தான். நாம் இன்று ‘சமூகப் பொறுப்பு’ என்ற பெயரில் செய்வது பெரும்பாலும் ஈகை. அந்தப் பெயர் உண்மையில் கேட்பது ஒப்புரவு. நிறுவனங்களின் ஆண்டு மலர்களில் ஊருணிக் குறளை அச்சிடுவோர் அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்தால் நல்லது.

காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் மேலாடை துறந்து நான்குமுழ வேட்டிக்கு மாறினார் என்பது மதுரைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. ஏழை உடுத்தும் அளவே தானும் உடுத்த வேண்டும் என்ற அந்த மனமே பின்னாளில் செல்வம் பற்றிய அவருடைய தருமகர்த்தா கொள்கையிலும் பேசியது. செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், மக்களுக்காக அதைப் பேணும் தருமகர்த்தா என்று எண்ணி நடக்க வேண்டும் என்றார் அவர். இந்தியாவில் சி.எஸ்.ஆர். பற்றிப் பேசுவோர் அடிக்கடி இதைத் தங்கள் வேராகக் காட்டுவார்கள். எனக்கு இக்கொள்கையின் மேல் மதிப்பு உண்டு. கூடவே ஒரு தயக்கமும் உண்டு. கோயில் தருமகர்த்தாவிடம் ஊர் கணக்குக் கேட்கலாம், கணக்கு சரியில்லை என்றால் மாற்றவும் செய்யலாம். அந்த உரிமை ஊருக்கு இல்லாமல், முதலாளியின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கும் தருமகர்த்தா முறை அவர் மனம் மாறும் நாள் வரைதான் நிற்கும்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வலுவான குரல் உண்டு, அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில், வணிகத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று எழுதினார். நிறுவனத்தை நடத்தும் மேலாளர் பங்குதாரர்களின் ஊழியர். பிறர் பணத்தை எடுத்துத் தன் மனத்துக்குப் பிடித்த நற்பணிக்குச் செலவிடுவது, யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் வரி விதிப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் பலர் அதிலேயே உள்ள ஒரு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்: லாபம் ஈட்டும்போது சமூகத்தின் அடிப்படை விதிகளுக்கு, சட்டத்தில் உள்ளவற்றுக்கும் அற வழக்கத்தில் உள்ளவற்றுக்கும், கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஆக, ஃப்ரீட்மனின் வாதம் மோதுவது ஈகையோடுதான். தட்ட முடியாத கடமைகளை அவரும் ஏற்கிறார். பின்னர் 1984-இல் எட்வர்ட் ஃப்ரீமன், நிறுவனத்துக்குப் பங்குதாரர் மட்டுமே உரியவர் அல்லர், தொழிலாளர், வாடிக்கையாளர், சரக்குத் தருவோர், சுற்றியுள்ள ஊர்மக்கள் ஆகிய நலன் தொடர்புடைய அனைவரையும் கருதியே அதை நடத்த வேண்டும் என்ற பார்வையை வளர்த்தார். இந்தியச் சட்டம் இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் என்றால், 135-ஐ விடக் குறைவாகவே பேசப்படும் 166-ஆவது பிரிவில் விடை இருக்கிறது: இயக்குநர் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டியது நிறுவனம், பங்குதாரர் நலனுக்காக மட்டுமன்றி, ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றின் நலனுக்காகவும் என்று அது சொல்கிறது. இது 2 சதவீதத்துக்கு மட்டும் பொருந்தும் விதியன்று. இயக்குநர் எடுக்கும் எல்லா முடிவுகளுக்கும் பொருந்தும்.

ஒரு நிறுவனத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு வழி இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருப்பவை 2022-23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தநிலை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பை ஒரு கையிலும் இந்த அறிக்கையை மறு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் எத்தனை பள்ளி, எத்தனை ஊருணி என்று இருக்கும். இரண்டாவதில் நிரந்தர ஊழியர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், வேலையிடத்தில் விபத்துகள் எத்தனை, எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது, சுற்றியுள்ள மக்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் தீராதவை எத்தனை என்று இருக்கும். முதலாவது ஈகையின் கணக்கு. ஒப்புரவின் கணக்கை இரண்டாவதில்தான் தேட வேண்டும்.

நான் பார்த்த ஊருணிக்குப் பக்கத்துக் குவாரி நிறுவனம் சந்தையில் பட்டியலிடப்பட்டது அன்று. அதற்கு அப்படிப்பட்ட அறிக்கை இல்லை. அங்கே ஊர் கூடிப் புகார் சொல்லும் இடம் கிராம சபைதான். அடுத்த கூட்டத்தில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். இன்னொரு ஊருணி, ஒரு சமுதாயக் கூடம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “லாரிக்கு மேல தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லணும். காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா ரோட்டுக்குத் தண்ணி அடிக்கச் சொல்லணும். வேறென்ன?” என்றார்.